பழைய பாய்மரப் படகு: கேபின் ஒழுகலை நிறுத்தி, பயணத்துக்குத் தயார் செய்யும் முழு வழிகாட்டி

20 முதல் 27 அடி வரையுள்ள பழைய ஃபைபர் பாய்மரப் படகு கைக்கு வந்ததும் மெத்தை, விளக்கு, அடுப்பு என்று சாமான் வாங்கத்தான் மனம் ஓடும். அதற்கு முன்னால் படகை உலர வைத்தாக வேண்டும். ஒழுகும் கேபினில் போட்ட புது மெத்தை ஒரே மழைக்காலத்தில் பூஞ்சை பிடிக்கும், புது வயரின் முனைகளில் பச்சைக் களிம்பு ஏறும். கண்ணுக்குத் தெரியாமல் நடக்கும் சேதம் இதைவிடப் பெரிது. இந்த அளவுப் படகுகள் பலவற்றின் மேல்தளம், இரண்டு ஃபைபர் தோல்களுக்கு நடுவே பால்சா மரத்தையோ ப்ளைவுட்டையோ வைத்துக் கட்டப்பட்டது. ஸ்க்ரூ துளைக்குள் இறங்கும் நீர் கேபினில் சொட்டுவதற்கு முன்பே அந்த நடுமரத்தை நனைத்துவிடும். மரம் மக்கினால் தளத்தின் விறைப்பு போய்விடும். மிதித்தால் அமுங்கும், போல்ட்டுகள் தளரும், தளர்ந்த போல்ட் வழியே இன்னும் நீர் இறங்கும்.

இந்த வழிகாட்டி முழுவதும் ஒரே விதியைச் சுற்றித்தான் நகர்கிறது: தளத்தில் இருக்கும் ஒவ்வொரு துளையும் நடுமரத்திலிருந்து பிரிக்கப்பட்டிருக்க வேண்டும். பழைய துளைக்கும் அதுதான், நாளை நீங்கள் புதிதாகப் போடப்போகும் துளைக்கும் அதுதான்.

நீர் எங்கிருந்து வருகிறது?

சொட்டும் இடத்துக்கு நேர் மேலே ஓட்டை இருக்கும் என்று எண்ணி அங்கே சீலன்ட்டை (இடுக்கை அடைக்கும் பசையை) பூசுவதால் பெரும்பாலும் பலன் இருக்காது. தளத்தின் அடியில் இறங்கிய நீர், உட்கூரைப் பலகைக்கு மேலே ஊர்ந்து, படகின் சாய்வுக்கு ஏற்ப ஒன்றிரண்டு மீட்டர் தள்ளிக்கூடச் சொட்டும். அதனால் முதல் வேலை, உட்கூரையைக் கழற்றுவது. ஒட்டுத்துணி வகையானால் அதன் பின்னாலுள்ள ஸ்பாஞ்ச் பெரும்பாலும் பொடிந்து போயிருக்கும். முழுதும் உரித்து எறிந்துவிடலாம்.

அடுத்து, எப்போது ஒழுகுகிறது என்று கவனியுங்கள். மழைக்குப் பிறகு மட்டும் என்றால் தளம், ஜன்னல், கதவு. ஒரு பக்கம் சாய்ந்து ஓடும்போது மட்டும் என்றால் உடற்பகுதியும் தளமும் சேரும் விளிம்பு. மழையும் இல்லாமல் ஓட்டமும் இல்லாமல் படகின் அடிக்குழியில் நீர் ஏறினால், நீர்மட்டத்துக்குக் கீழே உடற்பகுதியைத் துளைத்துச் செல்லும் ஏதோ ஒரு குழாய்வாயிலோ, கீல் எனப்படும் அடிப்பாரத்தைப் பிடிக்கும் போல்ட்டிலோ கசிவு. அதைத் தள்ளிப்போடாமல் படகைக் கரையேற்றிப் பார்க்க வேண்டும். காலையில் மட்டும் சுவரெல்லாம் ஈரம் என்றால் அது ஒழுகலே இல்லை, மூச்சுக்காற்றின் ஈரம் குளிர்ந்த ஃபைபரில் படிவது. சொட்டும் நீரை நாக்கு நுனியில் வைத்துப் பார்ப்பதும் உதவும். ஆனால் காய்ந்த உப்பைக் கரைத்துக்கொண்டு வரும் மழைநீரும் லேசாகக் கரிக்கும் என்பதை நினைவில் வையுங்கள்.

பிறகு ஹோஸ் சோதனை. தளத்தின் அடியில் தெரியும் ஒவ்வொரு நட்டுக்குக் கீழும் டிஷ்யூ பேப்பர் துண்டு ஒன்றை ஒட்டுங்கள். ஒருவர் டார்ச்சோடு உள்ளே இருக்க, இன்னொருவர் வெளியே குறைந்த வேகத்தில் நீரை வழிய விட வேண்டும். பீய்ச்சி அடிக்கக் கூடாது. மழையில் ஒழுகாத இடத்திலும் அது நீரை உள்ளே தள்ளிவிடும். தாழ்வான இடத்தில் தொடங்கி மெல்ல மேலே வாருங்கள், ஒவ்வொரு இடத்துக்கும் 10 நிமிடம். மேலிருந்து தொடங்கினால் வழியும் நீர் எல்லாவற்றையும் நனைத்து, எது ஒழுகியது என்றே தெரியாமல் செய்துவிடும்.

இதிலும் பிடிபடாத கசிவுக்குக் காற்றுச் சோதனை இருக்கிறது. கேபின் வாசலை அட்டையாலோ ப்ளைவுட்டாலோ மூடி, அதில் ஒரு துளையிட்டு, இலை ஊதும் ப்ளோயரின் வாயைச் செருகுங்கள். காற்றுப்போக்கிகளை டேப்பால் ஒட்டி, சிங்க் வால்வை மூடுங்கள். ப்ளோயரை மெதுவாக ஓடவிட்டு, தளத்தின் மேல் சோப்பு நீரைத் தெளித்தால் ஓட்டை உள்ள இடத்தில் குமிழி கிளம்பும். காற்று எங்கே வெளியேறுகிறதோ அங்கேதான் நீர் உள்ளே போகிறது. ஊர்ந்து வந்த பாதை உங்களைக் குழப்ப முடியாது. கண்டுபிடித்த இடங்களுக்கெல்லாம் எண் போட்டு டேப் ஒட்டுங்கள்.

நடுமரத்தைச் சோதித்தல்

ஸ்க்ரூடிரைவரின் பிளாஸ்டிக் பிடியால் தளம் முழுவதும் ஒரு கை அகலத்துக்கு ஒரு தட்டு தட்டிக்கொண்டே போங்கள். நல்ல இடம் கணீரென்று ஒலிக்கும், மக்கிய இடம் தொப்பென்று அடங்கும். அந்த எல்லையைப் பென்சிலால் வரையுங்கள். சந்தேகமான இடத்தில் உள்பக்கத்திலிருந்து, கீழ்த்தோலை மட்டும் கடந்து மரத்துக்குள் நிற்குமாறு, 3 மி.மீ. துளை போட்டு வெளிவரும் தூளைப் பாருங்கள். வெளிறிய உலர்ந்த தூள் என்றால் கவலை இல்லை. வெளிறியிருந்தும் ஈரமாக இருந்தால் காயவைத்துக் காப்பாற்றலாம். கறுப்பாகக் குழைந்து வந்தால் அந்த மரம் போய்விட்டது.

இழைமுனை மேல்நோக்கி நிற்கும்படி அடுக்கிய பால்சாவில் நீர் பக்கவாட்டில் மெதுவாகத்தான் பரவும், ப்ளைவுட்டில் இழையோட்டத்தோடு வேகமாக ஓடும். போல்ட்டை ஒட்டிய சிறிய சேதத்தை அந்தத் துளை வழியாகவே சரிசெய்துவிடலாம். அதற்கு மேல் போனால் மேல்தோலை ஒரே துண்டாக வெட்டியெடுத்து, மக்கியதைச் சுரண்டி, புது மரத்தை எபாக்ஸியில் (ஹார்டனர் கலந்தால் இறுகும் பிசினில்) பதித்து, அதே தோலைத் திரும்ப ஒட்ட வேண்டும். வெட்டிய விளிம்பை இருபுறமும் தோலின் தடிமனைப்போல் 12 மடங்கு அகலத்துக்குச் சரிவாகத் தேய்த்து, அதன்மேல் கண்ணாடித்துணி வைத்து மூடினால்தான் பழைய பலம் திரும்பும். ஆங்காங்கே துளை போட்டு எபாக்ஸியை ஊசியால் ஏற்றுவது சுலபமாகத் தெரியும். ஈர மரத்தில் எபாக்ஸி ஊறவும் செய்யாது, ஒட்டவும் செய்யாது. அந்தக் குறுக்குவழி வேண்டவே வேண்டாம்.

ஒரு துளையை ஒழுங்காகச் செய்யும் முறை

படகில் உள்ள எல்லாத் துளைகளுக்கும் இதே முறைதான். முதலில் ஒரே ஒரு பொருளில் செய்து கை பழகிக்கொள்ளுங்கள்.

1. இருவர் வேண்டும். மேலே இருப்பவர் ஸ்க்ரூ தலையை அசையாமல் பிடிக்க, கீழே இருப்பவர் நட்டைக் கழற்ற வேண்டும். தளத்தில் மாட்டியிருந்த சாமான் ஒட்டிக்கொண்டு வர மறுத்தால் நெம்பாதீர்கள். ஜெல்கோட்டும் (ஃபைபரின் வெளிப்பூச்சு) சேர்ந்து பெயரும். மெல்லிய பட்டிக்கத்தியை விளிம்பில் தட்டி நுழைத்துப் பிரியுங்கள்.

2. பழைய சீலன்ட்டை முழுதும் சுரண்டி எடுங்கள். அது சிலிகானாக இருந்தால் கூடுதல் கவனம் தேவை, ஏனெனில் சிலிகான் படலத்தின்மேல் வேறு எதுவும் ஒட்டாது. கத்தியால் எடுத்தபின் உப்புத்தாளால் தேய்த்து, கடைசியாக அசிட்டோன் துணியால் துடையுங்கள். அந்த இடத்தில் ஒரு துளி நீர் விட்டுப் பாருங்கள். முத்தாகத் திரண்டு நின்றால் இன்னும் படலம் இருக்கிறது, பரவினால் சுத்தம்.

3. 6 மி.மீ. போல்ட்டுக்கான துளையென்றால் மேல்தோலையும் நடுமரத்தையும் 12 மி.மீ. பிட்டால் அகலப்படுத்துங்கள், கீழ்த்தோலைத் தொட வேண்டாம். பிறகு வளைத்த ஆணியையோ சிறிய ஆலன் சாவியையோ டிரில்லில் மாட்டி, தோல்களுக்கு நடுவில் சுற்றிலும் 10 மி.மீ. ஆழத்துக்கு மரத்தைச் சுரண்டுங்கள். தூளை வாக்குவம் கொண்டு உறிஞ்சி எடுங்கள்.

4. ஈரமிருந்தால் காயும்வரை பொறுங்கள். மிதமான வெப்ப விளக்கும் காற்றோட்டமும் போதும், ஆனால் சில நாள் முதல் சில வாரம் வரை ஆகும். பொறுமையில்லாமல் இதில் அவசரப்பட்டால் மற்ற எல்லாம் வீண்.

5. அடித்துளையை டேப்பால் மூடி, ஹார்டனர் மட்டும் சேர்த்த, பொடி கலக்காத எபாக்ஸியை முதலில் ஊற்றுங்கள். மரத்தின் வெட்டுமுனைகள் அதைக் குடிக்கும். 10 நிமிடம் கழித்து மிச்சத்தை உறிஞ்சி எடுத்துவிட்டு, சிலிகா பொடி கலந்த எபாக்ஸியால் நிரப்புங்கள். குச்சியில் எடுத்துக் கவிழ்த்தால் வழியாத பதம் வேண்டும். ஒரு முறைக்கு 100 மி.லி.க்கு மேல் கலக்காதீர்கள். பெரிய அளவில் கலந்தால் கோப்பையிலேயே சூடேறிப் புகையும். கலவை விகிதத்தைக் கண்ணளவில் போடக் கூடாது. ஹார்டனர் கூடினாலும் குறைந்தாலும் அது சரியாக இறுகாது.

6. முழுதும் இறுகியபின் நடுவில் 6.5 மி.மீ. துளை போடுங்கள். மேல்வாயைக் கவுண்டர்சிங்க் பிட்டால் 2 மி.மீ. அளவுக்குச் சரிவாக்குங்கள். இந்தச் சிறிய சரிவில்தான் சீலன்ட் வளையமாகத் தங்கும். இது இல்லாவிட்டால் இறுக்கும்போது சீலன்ட் முழுதும் பிதுங்கி வெளியே வந்து, உலோகத்துக்கும் தளத்துக்கும் நடுவே காகிதத் தடிமன்கூட மிஞ்சாது. பெரும்பாலான பழைய ஒழுகல்களுக்கு இதுவே காரணம்.

7. பியூட்டைல் டேப்பை (காயாத ரப்பர் ஒட்டுப்பட்டையை) உருட்டி ஒவ்வொரு ஸ்க்ரூ தலைக்கடியிலும் கூம்பாகச் சுற்றுங்கள், சாமானின் அடிப்பகுதி முழுவதும் ஒரு படலம் வையுங்கள். ஸ்க்ரூவைத் திருகாமல் நேராக இறக்கி, மேலே பிடித்துக்கொள்ள, கீழே நட்டை மட்டும் இறுக்க வேண்டும். ஸ்க்ரூ சுழன்றால் அதைச் சுற்றியிருக்கும் சீல் அறுந்துவிடும். ஒரே மூச்சில் இறுக்க வேண்டாம். கொஞ்சம் இறுக்கி, பிதுங்கியதை வெட்டி, மறுநாள் இன்னும் கொஞ்சம், அதற்கடுத்த நாள் கடைசிச் சுற்று.

எந்த இடத்துக்கு எந்த சீலன்ட்

தளத்துச் சாமான்களுக்குப் பியூட்டைல்தான் எங்கள் முதல் தேர்வு. அது இறுகிக் காய்வதில்லை, பல ஆண்டுகள் நெகிழ்வாகவே இருக்கும், பிற்பாடு கழற்றுவதும் சுலபம். பெட்ரோல், டீசல் படும் இடங்களுக்கும் நீர்மட்டத்துக்குக் கீழேயும் அது ஆகாது. நீர்மட்டத்துக்குக் கீழே சிக்காஃப்ளெக்ஸ் 291 போன்ற பாலியூரித்தேன். 3எம் 5200 மிக வலுவாக ஒட்டும். திரும்பக் கழற்றவே போவதில்லை என்னும் இணைப்புக்கு மட்டும் அதை வைத்துக்கொள்ளுங்கள். பாலிசல்ஃபைடு தேக்கு மரத்துக்கு அருமையானது, ஆனால் அக்ரிலிக், பாலிகார்பனேட், ஏபிஎஸ் பிளாஸ்டிக்குகளைத் தின்றுவிடும். வீட்டுக் குளியலறைக்கான சிலிகான் எந்த இடத்துக்கும் வேண்டாம்.

தனிக் கவனம் கேட்கும் இடங்கள்

பாதுகாப்பு வேலியின் தூண்கள்: 60 செ.மீ. உயரத் தூணின் உச்சியில் ஒருவர் சாயும்போது, 5 செ.மீ. தள்ளியிருக்கும் அடிப்போல்ட்டில் அந்த விசை 12 மடங்காகும். சாதாரண வாஷர் அதைத் தாங்காது. அடியில் 6 மி.மீ. தடிமனுள்ள ஜி10 ஃபைபர் பலகையோ அலுமினியத் தகடோ, தூணின் அடித்தட்டைவிட எல்லாப் பக்கமும் 2 செ.மீ. பெரிதாக வையுங்கள். இது இல்லாமல் எத்தனை முறை சீல் செய்தாலும் அடுத்த தடவை யாரேனும் தூணைப் பிடித்துப் படகில் ஏறும்போது சீல் உடையும்.

செயின்பிளேட்டுகள்: பாய்மரத்தைப் பக்கவாட்டில் தாங்கும் கம்பிகள் வந்து சேரும் இந்தப் பட்டைகள் தளத்தைத் துளைத்து உள்ளே இறங்குகின்றன. இங்கே ஒழுகலைவிட ஆபத்து பெரிது. காற்றுப்படாத ஈரத்தில் புதைந்திருக்கும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் இடுக்கில் அரிபடும்; வெளியே பளபளப்பாக இருக்கும் பட்டை, தளத்தின் தடிமனுக்குள் பாதி தின்னப்பட்டிருக்கலாம். பாய்மரம் நிற்கும்போதே பார்ப்பதானால் ஒரு நேரத்தில் ஒரே ஒரு கம்பியை மட்டும் அவிழ்த்து, அதற்குப் பதில் பாயேற்றும் கயிற்றை அந்தப் பக்கம் இழுத்துக் கட்டிக்கொள்ளுங்கள். பட்டையை வெளியே எடுத்து பூதக்கண்ணாடியால் பாருங்கள். பழுப்புக் கறை, குழி, மயிரிழை விரிசல் ஏதாவது இருந்தால் மாற்றிவிடுங்கள், மெருகேற்றி மறுபடி போடாதீர்கள். அது பிணைந்திருக்கும் தடுப்புச்சுவரை ஊசியால் குத்திப் பாருங்கள். மெத்தென்று இறங்கினால் அந்தச் சுவர்ப் பகுதியையும் மாற்ற வேண்டும்.

ஜன்னல்கள்: அக்ரிலிக் ஒரு மீட்டருக்கு, ஒரு டிகிரி செல்சியஸுக்கு, ஏறக்குறைய 0.07 மி.மீ. நீளும். 60 செ.மீ. ஜன்னல் 40 டிகிரி வேறுபாட்டில் சுமார் 1.7 மி.மீ. நீண்டு சுருங்கும். மெல்லிய சீலன்ட் படலம் அந்த அசைவில் கிழிந்துவிடும். ஆகவே ஸ்க்ரூ துளைகளை ஸ்க்ரூவைவிட 2 மி.மீ. பெரிதாகப் போடுங்கள், 3 மி.மீ. ஸ்பேசர்கள் வைத்து சீலன்ட் அந்தத் தடிமனுக்குக் குறையாமல் பார்த்துக்கொள்ளுங்கள்; ஸ்க்ரூவை இறுக்கி நசுக்காதீர்கள். அக்ரிலிக்கை அசிட்டோனால் துடைத்தால் நுண்விரிசல் வலை பின்னும்; சோப்பு நீர் போதும். ஒட்டும் விளிம்பின்மேல் வெயில் படாதபடி கறுப்புப் பட்டை பூசுவது சீலன்ட்டின் ஆயுளைக் கூட்டும்.

உடற்பகுதி, தளம் சேரும் விளிம்பு: இதுதான் கடினமானது. முதலில் எல்லா போல்ட்டுகளையும் அரைச் சுற்று இறுக்கிப் பாருங்கள், பல படகுகளில் அதுவே போதும். போதாவிட்டால் விளிம்புச் சட்டத்தைப் பகுதி பகுதியாகக் கழற்றி மேலே சொன்ன முறையில் திரும்ப வைக்க வேண்டும். மொத்தமாகக் கழற்றினால் படகின் வடிவமே லேசாக விலகி, துளைகள் நேராக அமையாது.

தளக் கதவுகள், காக்பிட் பெட்டி மூடிகள்: ரப்பரை மாற்றுங்கள். மூடும்போது ஒரு காகிதத்தைச் செருகி இழுத்துப் பாருங்கள். எளிதாக உருவிக்கொண்டு வரும் இடத்தில் அழுத்தம் இல்லை.

சாமான் ஏற்றுதல்: எதற்கு முதலிடம்

உலர்ந்த படகில் முதலில் நீர்மட்டத்துக்குக் கீழே உள்ள குழாய்வாய்கள். ஒவ்வொரு வால்வும் கையால் திறந்து மூட வருகிறதா என்று பாருங்கள். பித்தளை வால்வைச் சுரண்டினால் மஞ்சளுக்குப் பதில் ரோஸ் நிறம் தெரிந்தால் துத்தநாகம் கரைந்துவிட்டது, சுத்தியால் லேசாகத் தட்டினாலே உடையலாம், வெண்கலத்துக்கு மாறுங்கள். ஹோஸ் முனையில் இடமிருந்தால் இரண்டு கிளாம்ப், திருகும் ஸ்க்ரூ உட்பட முழுக்க 316 ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். வால்வு உடைந்தால் வாயை அடைக்க, அதன் பக்கத்திலேயே அந்த அளவு மென்மர ஆப்பு ஒன்றைக் கயிற்றில் கட்டித் தொங்கவிடுங்கள்.

ஏன் இத்தனை அக்கறை? நீர்மட்டத்துக்கு 60 செ.மீ. கீழே 38 மி.மீ. வாய் திறந்துகொண்டால் நிமிடத்துக்கு ஏறத்தாழ 140 லிட்டர் உள்ளே வரும். மணிக்கு 1,900 லிட்டர் என்று எழுதியிருக்கும் சின்ன மின்பம்ப், தூக்கும் உயரமே இல்லாத நிலையில்கூட நிமிடத்துக்கு 32 லிட்டர்தான் இறைக்கும். ஒரு மீட்டர் தூக்கி, நெளிவுள்ள ஹோஸ் வழியே தள்ளும்போது அதில் பாதிதான் மிஞ்சும். மின்பம்ப் அன்றாடக் கசிவுக்குத்தான். ஃப்ளோட் சுவிட்சோடு, மெயின் சுவிட்சைக் கடக்காமல், தனி ஃப்யூஸ் வழியே நேராகப் பேட்டரியில் இணையுங்கள். உள்வழுவழுப்பான ஹோஸ் போட்டு, படகு சாய்ந்தாலும் மூழ்காத உயரத்தில் வெளிவாயை வையுங்கள், இல்லாவிட்டால் கடல்நீர் அதே வழியில் திரும்பி வரும். இதற்கும் மேலாக, பெட்டி மூடிகளெல்லாம் அடைத்திருக்கும்போதே சுக்கானைப் பிடித்தபடி இயக்கக்கூடிய கைப்பம்ப் ஒன்று கட்டாயம்.

அடுத்தது நங்கூரம். 25 அடிப் படகுக்கு 8 முதல் 10 கிலோ எடையுள்ள, மண்ணைக் குத்தி இறங்கும் நவீன வகை, 8 மி.மீ. சங்கிலி 10 மீட்டர், 12 மி.மீ. நைலான் கயிறு 50 மீட்டர். விட வேண்டிய நீளத்தைக் கணக்கிடும்போது பலரும் ஆழத்தை மட்டும் எடுத்துக்கொள்கிறார்கள். ஆழம் 4 மீட்டர், ஏறப்போகும் ஓதம் 1.5, அணியம் (படகின் முன்முனை) நீருக்கு மேலிருக்கும் உயரம் 1, ஆக 6.5 மீட்டர். இரவு தங்குவதானால் அதன் 7 மடங்கு, 45 மீட்டர். கயிற்றின் கடைசி முனையைப் படகுக்குள் கட்டி வைக்க மறக்காதீர்கள். நங்கூரக் கயிற்றைச் சுற்றிக் கட்டும் கிளீட் என்ற கொம்பு நிற்கும் தளத்துக்கும் அடித்தகடு வேண்டும்.

பாய்மரத்தைத் தாங்கும் நிலையான கம்பிகள் எப்போது மாற்றப்பட்டவை என்று தெரியாவிட்டால் புதிதாக மாற்றிவிடுவதே பாதுகாப்பு. குறைந்தபட்சம் ஒரு டிஷ்யூவை ஒவ்வொரு கம்பியின் மீதும் மேலிருந்து கீழாக ஓட்டுங்கள். அறுந்த இழை அதைப் பிடித்துக்கொள்ளும். ஒரே ஒரு இழை அறுந்திருந்தாலும் அந்தக் கம்பியின் காலம் முடிந்தது. பிடிமுனைகளில் நெடுக்கு விரிசலும் பாருங்கள்.

மின்சாரம்

தேவையை முதலில் எழுதிப் பாருங்கள். நங்கூர விளக்கு 2 வாட் 10 மணி நேரம்: 20 வாட்-மணி. மூன்று எல்இடி கேபின் விளக்கு 4 மணி நேரம்: 24. காத்திருப்பில் விஎச்எஃப் ரேடியோ 8 மணி நேரம்: சுமார் 38. ஆழமானி 19. இரண்டு போன் சார்ஜ்: 30. மொத்தம் 131, 12 வோல்ட்டில் 11 ஆம்ப்-மணி. லெட்-ஆசிட் பேட்டரியில் பாதிக்கு மேல் இறக்கக் கூடாது என்பதால் 70 ஆம்ப்-மணி பேட்டரி மூன்று நாள் தாங்கும். நல்ல வெயிலில் 50 வாட் சோலார் பேனல் இந்தச் செலவை ஈடுகட்டிவிடும். இதைவிடப் பெரிய அமைப்பு சின்னப் படகில் எடைதான்.

பேட்டரியின் பாசிட்டிவ் முனையிலிருந்து 18 செ.மீ.க்குள் மெயின் ஃப்யூஸ் வையுங்கள். ஈயம் பூசிய செம்புக் கம்பியும், பசையுள்ள ஹீட்ஷ்ரிங்க் முனைகளும் போடுங்கள். சால்டர் வைத்த இணைப்பு, ஆட்டத்தில் சால்டர் முடியும் இடத்தில் முறியும். கிரிம்ப் செய்வதே மேல். வயர் எந்தச் சாதனத்துக்குள் நுழைந்தாலும் அதற்கு முன் கீழே ஒரு வளைவு விடுங்கள், வழிந்துவரும் நீர் அங்கேயே சொட்டிவிடும். பாய்மரத்து வயர்கள் தளத்தைக் கடக்கும் இடத்தில் வாய் கீழ்நோக்கி வளைந்த அன்னக்கழுத்துக் குழாய் வைத்தால் அந்த ஒழுகல் என்றைக்கும் வராது.

விளக்குகளுக்கு 1972ஆம் ஆண்டின் பன்னாட்டுக் கடல் மோதல் தடுப்பு விதிகள் பொருந்தும். 20 மீட்டருக்குக் குறைந்த பாய்மரப் படகு, பக்க விளக்குகளையும் பின்விளக்கையும் ஒரே மூவண்ண விளக்காகப் பாய்மர உச்சியில் வைக்கலாம். ஆனால் மோட்டார் ஓடத் தொடங்கிய நொடியிலிருந்து நீங்கள் இயந்திரப் படகு. உச்சி விளக்கை அணைத்துவிட்டு, தளத்து மட்டத்தில் பக்க, பின் விளக்குகளும் அவற்றுக்கு மேலே வெள்ளை முன்விளக்கும் எரிய வேண்டும். இரண்டு தொகுப்பையும் தனித்தனி சுவிட்சில் வைத்துப் பெயர் ஒட்டுங்கள்.

கேபின்

உட்கூரைக்கு 3 மி.மீ. ப்ளைவுட் பலகைகளைத் துணி சுற்றி, ஸ்க்ரூவால் மாட்டுங்கள், ஒட்ட வேண்டாம். ஒவ்வொரு போல்ட்டின் நட்டையும் இரண்டே நிமிடத்தில் எட்டிப் பார்க்க வழி இருக்க வேண்டும். காற்றுக்கு முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று என இரண்டு வழி; ஒன்று மட்டும் இருந்தால் காற்று நகராது. சோலார் விசிறி வைப்பதானால் அதற்கான பெரிய துளையின் விளிம்பு மரத்தையும் சுரண்டி எபாக்ஸியால் மூடிய பிறகே மாட்டுங்கள். மெத்தையை நேரே ஃபைபர்மேல் போட்டால் அடியில் வியர்க்கும், 2 செ.மீ. இடைவெளி தரும் மரச்சட்டத்தின்மேல் போடுங்கள்.

எல்பிஜி காற்றைவிடக் கனமானது, கசிந்தால் அடிக்குழியில் தேங்கும். சிலிண்டருக்குக் கேபினிலிருந்து முற்றிலும் அடைபட்ட, கசிந்த வாயு அடியிலிருந்து படகுக்கு வெளியே வடிந்துபோக வழியுள்ள பெட்டி வைக்க இடமில்லாத படகில் ஸ்பிரிட் அடுப்பே போதும். எந்த அடுப்பானாலும் கார்பன் மோனாக்சைடு அலாரம், கைக்கெட்டும் இடத்தில் தீயணைப்பான். தீயணைப்பானை அடுப்புக்கு மேலே மாட்டக் கூடாது. தீப்பிடித்தால் அதை எடுக்கத் தீயைத் தாண்டிக் கை நீட்ட வேண்டிவரும். வாசல் பக்கமாக மாட்டுங்கள்.

கனமான சாமான்களைக் கீழேயும் நடுவிலும் வைத்து, பேட்டரியைப் பட்டையால் கட்டுங்கள். படகு கவிழும் அளவு சாய்ந்தாலும் அசையாதபடி அந்தப் பட்டையின் இரு முனையும் போல்ட்டில் நிற்க வேண்டும், மர ஸ்க்ரூவில் அல்ல. பிறகு நல்ல காற்றில் இரண்டு பக்கமும் ஒரு மணி நேரம் சாய்த்து ஓட்டிவிட்டு, பலகைகளைக் கழற்றி, ஒவ்வொரு நட்டையும் விரலால் தொட்டுப் பாருங்கள். ஈரம் தட்டினால் அந்த ஒரு சாமானை மட்டும் கழற்றி முதல் படியிலிருந்து செய்யுங்கள். மேலே இன்னொரு பூச்சு பூசி விட்டுவிடாதீர்கள்.